எருமையின் அளவு

பிப்ரவரி 11. அம்பத்தூரிலிருந்து கைப்பிரதி வந்தது. பதினாறு பக்கம், பதின்மூன்று படம். அன்றே சம்மதம் தெரிவிக்கப்பட்டது.

மார்ச் 30. படங்கள் 1, 2, 3 முடிந்தன.

ஏப்ரல் 19. படங்கள் 4, 5, 6 முடிந்தன.

ஏப்ரல் 24. படங்கள் 4, 5, 6 மீண்டும் வரையப்பட்டன.

மே 28. படங்கள் 7, 8, 9 முடிந்தன. ஒன்பதும் பதிப்பாளருக்கு அனுப்பப்பட்டன.

ஜூன் 3. காலை 6.10க்கு மார்பில் வலி. 6.45க்கு ஆவடியில் மருத்துவமனை. 8.25க்கு மருத்துவர் வெளியே வந்து தெரிவித்தார்.

ஜூன் 4. முற்பகல் 11 மணிக்குத் தகனம்.

ஜூன் 23. பதிப்பாளரிடமிருந்து தொலைபேசி. படங்கள் 10 முதல் 13 வரை நிலுவை.

மேலே உள்ளவை எங்கள் மேசை நாட்காட்டியிலிருந்து எடுத்தெழுதியவை. மே மாதம் வரையிலான குறிப்புகள் என் மனைவி எழுதியவை. ஜூன் முதல் உள்ளவை நான் எழுதியவை. ஏப்ரல் 24-ஆம் தேதிக்கு எதிரே 'மீண்டும் வரையப்பட்டன' என்று மட்டும் இருக்கிறது. யார் சொல்லி என்பதை அவள் குறிக்கவில்லை. நான் சொல்லித்தான்.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் ஒரு பொறியியற் கல்லூரியில் இயந்திர வரைபடம் கற்பித்தவன். முனைவர் பட்டம் பெற்றதும் அதையொட்டிய துறையில்தான். ஒரு பொருளை மூன்று திசைகளிலிருந்து பார்த்து முறையாக வரைந்துவிட்டால், அதைக் கண்ணால் கண்டிராத ஒருவர் எங்கோ ஒரு பட்டறையில் அதே பொருளைச் செய்துவிட முடியும். என் தொழிலின் அடிப்படை நம்பிக்கை இது. அதில் வரைபவனுக்கு இடமில்லை. கோடு இன்னாருடையது என்று தெரிந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

அவள் ஆவடியில் ஓர் அஞ்சலகத்தில் கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே அம்பத்தூரில் சனிக்கிழமை ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். உடன் படித்தவர்களுக்கு எட்டு வயது, ஒன்பது வயது. முதல் நாள் திரும்பி வந்ததும் காலணியைக் கழற்றாமலே சொன்னாள்: "பக்கத்துல ஒரு பொண்ணு. 'ஆன்ட்டி, உங்க பாப்பா எங்க'ன்னு கேட்டுச்சு. பாப்பா இல்ல, நான்தான் படிக்க வந்திருக்கேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'அப்போ எரேசர் கொண்டு வந்தீங்களா'ன்னுச்சு."

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவள் குழந்தைகளுக்காக வரைய வந்ததற்கு இதையே காரணமாகச் சொன்ன உறவினர்கள் உண்டு. அவள் அப்படிச் சொன்னதில்லை. முதல் மூன்றாண்டுகள் எழுத்து அட்டைகளும் பாடநூல்களின் ஓரப் படங்களும் வரைந்தாள். 'ஔ'வுக்கு ஒன்றும் அகப்படாமல் ஒரு வாரம் தவித்தது நினைவிருக்கிறது. முழுப் புத்தகம் ஒன்று அவள் கைக்கு வந்தது இந்த பிப்ரவரியில்தான்.

கதை எளியது. தண்டவாளத்தில் ஓர் எருமை படுத்துக்கொள்கிறது. ரயில் நிற்கிறது. ஓட்டுநர் திட்டுகிறார், நிலைய அதிகாரி திட்டுகிறார், பயணிகள் ஒவ்வொருவராக இறங்கித் திட்டுகிறார்கள். எருமை அசையவில்லை. திட்டி ஓய்ந்தவர்கள் கடைசியில் அதன் பக்கத்திலேயே அமர்ந்து சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரிக்கிறார்கள். எருமை எழுந்து போய்விடுகிறது. எங்கள் வீடு பட்டாபிராமில், மூன்றாம் மாடி. மிலிட்டரி சைடிங் என்னும் கிளைத் தண்டவாளமும் அதையொட்டி மேயும் எருமைகளும் சன்னலிலிருந்து தெரியும். மாதிரிக்கு அலைய வேண்டியதில்லை என்று அவள் மகிழ்ந்தாள்.

ஏப்ரல் 19 அன்று பகலுணவுக்குப் பின் நான்காம், ஐந்தாம், ஆறாம் படங்களை மேசையில் பரப்பி என்னைக் கூப்பிட்டாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிழை தெரிந்தது.

"எருமை அளவு மாறுது. இதுல ஆள் உசரம். அடுத்ததுல வேன் மாதிரி இருக்கு. ஆறுல என்ஜினுக்குச் சமமா நிக்குது."

"படுத்திருக்குதுங்க."

"படுத்திருந்தாலும் அளவு அளவுதான்."

"ஏங்க, எருமைக்கு எதுக்கு ஸ்கேலு? அது என்ன டெண்டர் எடுத்திருக்கா?"

"பிள்ளைங்க கேப்பாங்க."

"கேட்டா நல்லதுதானே. கேக்கட்டும்."

நான் விடவில்லை. இரு தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி. அதை அடிப்படையாகக் கொண்டால் படுத்திருக்கும் எருமையின் நீளம் இன்னது, உயரம் இன்னது என்று கணக்கிட்டு, மெல்லிய பென்சிலால் அவள் படங்களின் ஓரத்திலேயே குறித்தேன். அவள் எண்களைச் சிறிது நேரம் பார்த்தாள். "சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். ஐந்து நாளில் மூன்றும் புதிதாக வந்தன. அளவு பிசகாமல் இருந்தன. நான் பாராட்டினேன்.

கைப்பிரதியில் எருமை வளர்வதாக ஒரு சொல்கூட இல்லை. திருத்தும் முன் இருமுறை படித்துச் சரிபார்த்திருந்தேன். என் தரப்பில் சொல்வதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

அதன்பின் வரைந்த மூன்று படங்களை அவள் எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. பிழைகள் நின்றுவிட்டன என்று எண்ணிக்கொண்டேன்.

பதிப்பாளர் நாற்பது வயதுப் பெண்மணி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்தின் மாடியில் இரண்டு அறைகளில் நிறுவனத்தை நடத்துகிறார். தொலைபேசியில் அழைத்தவரிடம் நேரில் வருகிறேன் என்று சொல்லி, ஜூன் கடைசியில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து போனேன். துக்கம் விசாரித்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு புத்தகத்துல ரெண்டு கை ஆகாது. வேற ஒருத்தங்களவிட்டுப் பதிமூணையும் புதுசா வரையச் சொல்லலாம்னு இருக்கேன். அம்மா பேர உள்பக்கத்துல நன்றின்னு போட்டுடறேன்."

"இந்த ஒன்பது?"

"பத்திரமா உங்ககிட்டயே கொடுத்துடறேன் சார்."

அவள் வரைந்த ஒரே புத்தகம் அச்சேறாது என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது. படங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். நீண்ட மேசையில் ஒன்பதையும் வரிசையாக வைத்தார்.

ஏழு, எட்டு, ஒன்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏழில் எருமையின் முதுகு குன்றுபோல் உயர்ந்திருக்கிறது. அதன் காதில் கத்துவதற்காக நிலைய அதிகாரி ஏணி வைத்து ஏறுகிறார். எட்டில் அதன் ஒரு கண் மட்டும் என்ஜின் சக்கரம் அளவுக்கு. ஒன்பதில் இரு கொம்புகளுக்கிடையே குடியிருப்புகள், தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடிகளில் துணிகள், எல்லாமே அடங்கியிருந்தன. ஒவ்வொரு திட்டுக்கும் அது வளர்ந்திருந்தது. கைப்பிரதி சொல்லாததை அவள் படத்தில் சொல்லிக்கொண்டு போயிருந்தாள். நான் திருத்தியது பிழையை அல்ல.

"ஆறு படம் பிரமாதம் சார்," என்றார் பதிப்பாளர். "இந்த மூணுதான்... நாலு, அஞ்சு, ஆறு. சொல்லக்கூடாது, ரயில்வே நோட்டீஸ் மாதிரி இருக்கு. மூணுல இத்துனூண்டு, ஏழுல மலை. நடுவுல என்ன நடந்துச்சு?"

என்ன நடந்தது என்பதை நான் சொல்லவில்லை. "பாக்கி நாலையும் நான் வரையறேன். இந்த மூணையும் நானே வரையறேன்" என்றேன்.

"நீங்க ட்ராயிங் வாத்தியார்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஆனா அது நட்டு, போல்ட்டு இல்லையா சார்?"

"ஆமாம்."

அவர் படங்களை அடுக்கினார். "ஜனவரி கண்காட்சிக்குப் புத்தகம் வந்தாகணும். அக்டோபர் முடியற வரைக்கும் பாக்கலாம். அம்மா கை பக்கத்துல வெச்சா உறுத்தக்கூடாது, அவ்வளவுதான். உறுத்துச்சுன்னா முதல்ல சொன்ன மாதிரிதான், பதிமூணும் புதுசு. எனக்குப் பூசி மெழுகத் தெரியாது சார்."

பூசி மெழுக வேண்டாம் என்றேன்.

அவளுடைய மேசை இழுப்பறையில், நான் திருத்தச் சொன்ன பழைய படங்கள் கிடைத்தன. தாளை வீணாக்கும் வழக்கம் அவளுக்கில்லை. மூன்றையும் விரலகலப் பட்டைகளாக வெட்டி, பின்புறத்தில் வண்ணம் தோய்த்துப் பார்க்கப் பயன்படுத்தியிருந்தாள். முன்புறம் எருமையின் விலா, ஒரு கொம்பின் நுனி, என் பென்சில் எண்கள். பின்புறம் நீலத்திலும் காவியிலும் பல பொட்டுகள். எருமையின் கருமைக்கு அவள் கறுப்பைத் தொடவே இல்லை என்பதை அந்தப் பொட்டுகளிலிருந்துதான் அறிந்தேன். பட்டைகளைத் தரையில் பரப்பிப் பொருத்தினேன். ஐந்தாம் படம் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. நான்காவதில் பாதி. ஆறாவதில் இரண்டே பட்டைகள். வண்ணம் ஊறி முன்புறம் கறைபட்டிருந்ததால் அவற்றை அப்படியே அச்சிட வழியில்லை.

படியெடுப்பதில் நான் வல்லவன். ஐந்தாம் படத்தைக் கண்ணாடிமேல் வைத்து, கீழே விளக்கு வைத்து, இம்மி பிசகாமல் படியெடுத்தேன். கூடவே பத்தாம் படத்தையும் சொந்தமாக வரைந்தேன். பயணிகள் எருமைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் காட்சி அது. ஜூலை நடுவில் இரண்டையும் கொண்டுபோனேன்.

ஐந்தைப் பார்த்ததும், "இது ஜெராக்ஸ் சார்" என்றார். பத்தாவதை நெடுநேரம் பார்த்தார்.

"இதென்ன சார், எருமை வயித்துக்குள்ள புள்ளி புள்ளியா? கோடு சேர்க்கிற விளையாட்டா?"

"பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள். மறைந்திருக்கும் விளிம்பை விட்டுவிட்டுப் போகும் கோட்டால் காட்டுவது முறை."

அவர் சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க சார்" என்றார். "தெரியாதத ஏன் சார் காட்டணும்?"

"கால் எங்கே என்று குழந்தை கேட்கும்."

"கேக்கட்டுமே!"

வீடு திரும்பும் ரயிலில் திருமுல்லைவாயில் வரை நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது. அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தேன்.

ஆகஸ்டு முழுவதும் காலை வேளைகளில் சைடிங் ஓரம் போய் நின்று, அளவுகோல் இல்லாமல் எருமைகளை வரைந்தேன். வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தீர்ந்தது. எருமைகளின் சொந்தக்காரர் பால் ஊற்றுபவர். ஐம்பது வயது இருக்கும். மூன்றாம் நாள் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா சார், டெய்லி வந்து என் எருமைய மொறச்சிகினு கீறீங்க? கண்ணு பட்டுச்சுன்னா பால் வத்திடும்."

"வரையறேன்."

நோட்டை வாங்கிப் பார்த்தார். "இதுவா எருமை? நான் தண்ணி லாரின்னு நெனச்சேன். கொம்ப ஏன் நிமித்தி வுட்டுகீறீங்க? மாடா இது? பின்னால சாயணும் நைனா."

"படுத்திருந்தா எத்தனை அடி நீளம் இருக்கும்?"

"எவன் அளந்தான்? ஓரமா மேயச்சொல்ல ஆட்டுக்குட்டி கணக்கா கீது. ரோட்டுக்குக் குறுக்க படுத்துச்சுன்னா பஸ்ஸு, லாரி, போலீஸ் ஜீப்பு, எல்லாம் லைன்ல நிக்குது. நீங்களே சொல்லுங்க, எத்தினி அடி?" தன் கேள்விக்குத் தானே சிரித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் முதல் என் நோட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, "இன்னிக்கு இது எருமை" என்றார்.

வீட்டில் அவளுடைய எட்டாம் படத்தின் நகலை வைத்துக்கொண்டு, பார்வை மட்டம், அதாவது பார்ப்பவரின் கண் இருக்கும் உயரம், எங்கே என்று கண்டறிய முயன்றேன். மூன்று மட்டங்கள் இருந்தன. ரயிலுக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று, எருமைக்கு ஒன்று. அவற்றைப் பிணைக்கும் விதி ஏதேனும் இருக்கும் என்று பத்து நாள் தேடினேன். இல்லை. அவள் வரைந்த தூரிகை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அதைப் பிடித்தால் கீழிறங்கும் கோடு தானாகவே தடித்தது. அதைத் தடுக்காமல் இருக்கக் கை பழகுவதற்கு ஆகஸ்டு போய்விட்டது.

இடையில் பதிப்பாளர், இரக்கத்தினாலோ சோதிக்கவோ, ஒன்றாம் வகுப்புப் பயிற்சி நூலுக்கு ஒரு பக்கம் கேட்டார். சுத்தியல், ரம்பம், திருப்புளி. ஒரே நாளில் முடித்தேன். அப்படியே ஏற்றுக்கொண்டார். என் வாழ்வின் முதல் ஒப்பந்தப் படம் அது. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல இயலவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஐந்தாம் படத்தை நான்காம் முறையாகக் கொண்டுபோனேன். அவர் அதை அவளுடைய ஏழாம் படத்தின் பக்கத்தில் வைத்தார், இடம் மாற்றினார், சன்னல் அருகே எடுத்துப்போனார்.

"இது நிக்குது சார். வேன் சைசு எருமை, நடுவுல டிக்கெட் பரிசோதகர் குடை. இந்த அமைப்பு எப்படித் தோணுச்சு?"

பையிலிருந்து பட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். அமைப்பு என்னுடையதல்ல, அவள் முதலில் வரைந்ததே இதுதான், அளவு தவறு என்று மாற்றச் சொன்னவன் நான், ஓரத்தில் உள்ள எண்கள் என்னுடையவை. இந்த வரிசையில் சொன்னேன். ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் பட்டைகளைத் தொடவில்லை. "தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"ஏப்ரல்லயே அம்மா போன் பண்ணாங்க. வீட்டுக்காரர் கணக்கு போட்டுத் திருத்தியிருக்காரு, அவர் கணக்குப்படி சரிதான்னு சொன்னாங்க. 'இப்போதைக்கு இதையே அனுப்புறேன். அச்சுக்கு முன்னாடி பழையபடி மாத்தித் தந்துடறேன். அவருக்குத் தெரிய வேணாம், ரொம்ப நேரம் உக்காந்து போட்டாரு'ன்னாங்க."

அன்று ஜூன் மாதம், நடுவில் என்ன நடந்தது என்று அவர் கேட்டது என்னைச் சொல்ல வைப்பதற்காகவா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சு, குத்திக் காட்டத்தான் சார் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது." பிறகு தேநீர் வரவழைத்தார். குடித்தேன்.

அக்டோபரில் நான்கு, ஆறு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகியவை ஒவ்வொன்றாக ஏற்கப்பட்டன. பன்னிரண்டு மட்டும் இருமுறை திரும்பி வந்தது. ஆறாம் படத்துக்கு இரண்டே பட்டைகள் இருந்ததால், எஞ்சிய இடத்தை நானே நிரப்பினேன். அவள் இதை எப்படி நிரப்பியிருந்தாள் என்று எனக்கு நினைவில்லை. ஏப்ரலில் அதை நேரில் பார்த்தவன் நான். ஆனால் அன்று அளவை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மீதியிருந்தது பதின்மூன்று. அதற்கு அவள் கைப்பிரதியின் ஓரத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: 'எருமை இல்லை. அது படுத்திருந்த இடம் மட்டும்.' எளிதென்று நினைத்தேன். தண்டவாளம், கருங்கல் சல்லி, இரு பக்கமும் புல். ஏழு முறை வரைந்தேன். ஏழாவதைப் பதிப்பாளர் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இடம் காலியா இருக்கு சார். ஆனா எருமை எழுந்து போன மாதிரி இல்ல. எருமை அங்க வந்ததே இல்லாத மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரி. எனக்கும் அது தெரிந்திருந்தது. அக்டோபர் முடிய நான்கு நாள் இருந்தது. அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

"புத்தகம் போகுது சார். அம்மாவோட ஆறு, உங்களோட ஆறு. உறுத்தல. அச்சடிக்கிறவர நவம்பர் இருபதாம் தேதி வரைக்கும் பதிமூணுக்குக் காத்திருக்கச் சொல்றேன். அப்பவும் வரலேன்னா அந்தப் பக்கத்துல எழுத்து மட்டும் இருக்கட்டும்." கதவு வரை வந்தவர், லாரி ஒன்றைப் பற்றிய கதை கைவசம் இருப்பதாகவும் என்னை வரையச் சொல்ல எண்ணுவதாகவும் சொன்னார். "உங்க லாரி நேரா நிக்கும் சார். அதுக்கு அதான் வேணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கீழே அச்சகத்தில் அவளுடைய ஒன்பதாம் படத்தின் சோதனைத் தாளை அச்சடிப்பவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கொம்பு ஓரத்துல நம்ம பட்டாபிராம் தண்ணி டேங்க்தானே சார் கீது?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

செய்யப்படாதவை:

படம் 13. சல்லியில் அழுத்தம் எப்படி விழும் என்பதைக் காலையில் எருமை எழுந்த இடத்தில் போய்ப் பார்ப்பது.

'படங்கள்' என்ற வரியில் என் பெயர் இரண்டாவதாக, சிறிய எழுத்தில் வர வேண்டும் எனப் பதிப்பாளருக்கு எழுதுவது.

ஆறாம் படத்தின் விடுபட்ட பட்டைகளை அலமாரியின் மேல்தட்டிலும் தேடுவது.

அவள் சேர்ந்திருந்த சனிக்கிழமை வகுப்புக்குத் தகவல் சொல்வது. இன்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதாம்.

லாரிக் கதைக்குப் பதில்.